21 நாள் தானியேல் உபவாசம்: உணவும் உடலும் ஜெபமும் குறித்த ஒரு மதிப்பீடு

இறைச்சி, மீன், முட்டை, பால், சர்க்கரை, தேன், காபி, தேநீர், ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த ரொட்டி ஆகிய அனைத்தையும் 21 நாள்களுக்கு விலக்கிவிட்டு, காய்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு, பயறு, கொட்டை, விதை ஆகியவற்றையும் தண்ணீரையும் மட்டுமே உட்கொண்டு ஜெபத்தில் தரித்திருப்பது தானியேல் உபவாசம். முழு உபவாசத்தைப் போல வயிற்றைக் காயப்போடும் முறை இதில் இல்லை. பசித்தால் உண்ணலாம், வயிறு நிறையவும் உண்ணலாம். எதை உண்கிறோம் என்பதில்தான் கட்டுப்பாடு. எவ்வளவு என்பதில் இல்லை. அதனாலேயே எளிது என்று நினைத்துத் தொடங்குவோர் பலர். முதல் வாரத்திலேயே கைவிடுவோரும் பலர். முழுமையாகக் கடைப்பிடித்து முடித்த ஒருவர் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடல்நலமுள்ள வயதுவந்தோர் தயங்காமல் மேற்கொள்ளத்தக்க உபவாசம் இது. ஆனால் விலக்கியவற்றுக்கெல்லாம் மாற்றுப் பண்டம் தேடாமல், மீதமிருக்கும் எளிய உணவை எளிய உணவாகவே ஏற்றுக்கொள்பவருக்குத்தான் இது உபவாசமாக அமைகிறது. மற்றவர்களுக்கு இது சற்றுக் கடினமான சைவ உணவுத் திட்டமாகவே முடிந்துவிடும்.

இந்த முறைக்கு வேதாகமத்தில் ஆதாரமாக நிற்பவை இரண்டு வேறுபட்ட நிகழ்வுகள். தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேல், அனனியா, மீஷாவேல், அசரியா என்னும் நான்கு இளைஞர்கள், அந்நாட்டு ராஜாவான நேபுகாத்நேச்சாரின் பந்தியில் வழங்கப்பட்ட போஜனத்தாலும் திராட்சரசத்தாலும் தங்களைத் தீட்டுப்படுத்திக்கொள்ளாதபடி, பருப்பு முதலான மரக்கறிகளையும் தண்ணீரையும் மட்டும் கேட்டு, 10 நாள் சோதித்துப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள். பத்தாம் அதிகாரமோ பல ஆண்டுகளுக்குப் பின், பெர்சிய ராஜாவான கோரேசின் மூன்றாம் ஆண்டில் நடப்பது. அங்கே முதிர்ந்த வயதுள்ள தானியேல் மூன்று வாரம் முழுவதும் துக்கங்கொண்டாடி, ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விலக்கியிருக்கிறார். முதலாவது, அந்நிய அரசவையில் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்ள எடுத்த தீர்மானம். இரண்டாவது, தம் ஜனத்துக்காகத் தேவ சமுகத்தில் தன்னைத் தாழ்த்திய நாள்கள். இன்று கடைப்பிடிக்கப்படும் உபவாசம் முதலாவதிலிருந்து உணவையும் இரண்டாவதிலிருந்து 21 நாள் என்னும் கால அளவையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. இதில் தவறில்லை, ஆயினும் இந்த இரண்டும் வெவ்வேறு என்பதை அறிந்து தொடங்குவது நல்லது. அதே பத்தாம் அதிகாரத்தில், தானியேல் பரிமளதைலம் பூசிக்கொள்ளவில்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. உணவு பற்றிய விதிகளைப் பக்கம்பக்கமாக விவரிக்கும் கையேடுகளில் இந்த வரியைப் பொருட்படுத்தியவை அரிது. வாசனைத் திரவியத்தையும் சேர்த்து விலக்கிப் பார்த்தேன். உணவு வேளைக்கு வெளியிலும் இவை உபவாச நாள்கள் என்பதை அது காலைதோறும் நினைவூட்டியது.

முதல் அதிகாரத்தின் முடிவையும் இங்கே குறிப்பிட வேண்டும். 10 நாள் கழித்து அந்த நால்வரின் முகம் களையுள்ளதாகவும் சரீரம் புஷ்டியுள்ளதாகவும் காணப்பட்டதாக வேதம் சொல்கிறது; மெலிந்ததாகச் சொல்லவில்லை. இந்த உபவாசத்தை உடல் எடை குறைக்கும் வழியாக விளம்பரப்படுத்துவோர் இந்த வசனத்தை நிதானமாக வாசிக்கலாம்.

தாவர உணவால் உபவாசிப்பது கிறிஸ்தவத்துக்குப் புதிதும் அன்று. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளும், எகிப்தின் காப்டிக் சபையும், எத்தியோப்பியச் சபையும் பல நூற்றாண்டுகளாக இறைச்சியும் பாலும் முட்டையும் நீங்கிய நோன்புகளைக் கடைப்பிடித்து வருகின்றன. காப்டிக் சபையின் நாள்காட்டியில் இத்தகைய நாள்கள் ஆண்டுக்கு 200-ஐத் தாண்டும். அவற்றோடு ஒப்பிட்டால், புராட்டஸ்டன்ட், பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் ஆண்டின் தொடக்கத்தில் கூட்டாக மேற்கொள்ளும் இந்த 21 நாள் மிகச் சிறியது. அந்தப் பழைய சபைகளில் உபவாசம் ஊர் முழுவதும் சேர்ந்து இயல்பாக நுழையும் பருவமாக இருக்கிறது. தானியேல் உபவாசமோ, சபை கூட்டாக அறிவித்தாலும், பெரும்பாலும் தனிமனிதர் எடுக்கும் முடிவு என்பதால், விதிகளை ஒவ்வொருவரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விதிகளைப் படிக்கும்போது எளிமையாகத்தான் தோன்றுகின்றன. எண்ணெய் சிறிதளவு சேர்க்கலாம், ஆனால் எண்ணெயில் பொரித்தவை கூடாது. உப்பும் மிளகும் மூலிகைகளும் கூடும். உலர்பழம் கூடும், ஆனால் சர்க்கரைப் பாகில் ஊறியது கூடாது. தீட்டிய வெள்ளை அரிசியும் மைதாவும் கூடாது. முழுக்கோதுமையைப் புளிக்கவைக்காமல் தட்டிச் சுட்டால் கூடும். செயற்கை நிறமும் சுவையும் பதப்பொருளும் சேர்ந்த எதுவும் கூடாது. இந்தக் கடைசி விதிதான் உண்மையான பயிற்சி. நிலக்கடலை வெண்ணெய்ப் புட்டி ஒன்றைக் கையில் எடுத்து அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ளதைப் படித்தால், கடலைக்கு அடுத்த இடத்தில் சர்க்கரை, அதற்கடுத்து ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, பின்பு நிலைப்படுத்தி என்று வரிசை நீளும். தக்காளிச் சாற்றில் சர்க்கரை இருக்கும். மசாலாப் பொடியில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் பதப்படுத்திய மாவுச்சத்துப் பொடி இருக்கும். உப்புப் பிஸ்கட்டில் பால் புரதம் இருக்கும். எத்தனையோ ஆண்டுகளாக யோசிக்காமல் வாங்கிவந்த பண்டங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படிக்க வைத்த ஒன்றுக்காகவே இந்த உபவாசத்துக்கு நான் நன்றி சொல்வேன். பட்டியலில் கடலை, உப்பு என்று இரண்டே சொற்கள் உள்ள புட்டியும் அதே அலமாரியில் சற்றுக் கீழே இருக்கத்தான் செய்கிறது.

விதிகளில் கருத்து வேறுபாடு உள்ள இடங்களும் உண்டு. சோயாக் கட்டியைச் சிலர் ஏற்கிறார்கள். பதப்படுத்திய உணவு என்று சிலர் மறுக்கிறார்கள். மூலிகைக் கஷாயம் தண்ணீரா, பானமா என்று கேட்பவர்களும் உண்டு. வேதம் இவற்றை வரையறுக்கவில்லை என்பதால், எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் குற்றமில்லை என்பது என் கருத்து. ஆனால் அந்த முடிவைத் தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஆசை வந்து நிற்கும் மாலை வேளையில் விதியைப் பற்றி ஆராய உட்கார்ந்தால், ஆராய்ச்சி எப்போதும் ஆசையின் பக்கமே சாய்ந்து முடியும்.

இனி உணவைப் பற்றி. இந்த உபவாசத்தில் தளர்ந்துபோவோரில் பெரும்பாலோர் விலக்கியவற்றுக்காக ஏங்கித் தளர்வதில்லை. போதிய அளவு உண்ணாமலேயே தளர்கிறார்கள். பச்சைக் காய்கறித் துண்டுகளும் பழமும் தட்டை நிறைத்துவிடும், வயிற்றையும் நிறைத்துவிடும். ஆனால் அவற்றில் ஆற்றல் மிகக் குறைவு. இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசி எடுக்கும், கை நடுங்கும், எரிச்சல் வரும். வேளைதோறும் தட்டில் மூன்று இருக்க வேண்டும் என்பதே நான் கண்ட நடைமுறை: முழுத்தானியம் ஒன்று, பருப்போ பயறோ ஒன்று, காய்கறி ஒன்று. அதனுடன் ஒரு கைப்பிடி கொட்டை. வேகவைத்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும் 8 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 48 கிராம் புரதம் வேண்டும் என்னும் பொது அளவை வைத்துக்கொண்டால், இரு வேளை தாராளமாகப் பருப்பும் பயறும், உடன் தானியமும் கொட்டையும் இருந்தால் அது எளிதாக எட்டிவிடும். தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. ஒரே வேளையில் சேர்த்து உண்ண வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, ஒரே நாளில் இரண்டும் இருந்தால் போதும்.

காலை உணவாக ஓட்ஸைத் தண்ணீரில் வேகவைத்து, பொடியாக நறுக்கிய ஆப்பிளையும் உலர்திராட்சையையும் வேகும்போதே சேர்த்துவிட்டால், இனிப்பு அதிலேயே இறங்கிவிடுகிறது. மேலே பொடித்த ஆளிவிதையும் சிறிது வால்நட்டும் தூவினால் நண்பகல்வரை தாங்கும். பாலில்லாத ஓட்ஸ் முதலில் சப்பென்றுதான் இருக்கும். அது சில நாள்களில் பழகிவிடுகிறது என்பதைவிட, ஓட்ஸுக்கென்று ஒரு மெல்லிய வாசனை உண்டு என்பது பாலும் சர்க்கரையும் விலகிய பிறகுதான் தெரிகிறது என்று சொல்வதே சரி. நண்பகலுக்குப் பழுப்பு அரிசியோ பார்லியோ, உடன் கீரையும் கொண்டைக்கடலையும். இரவுக்குக் கெட்டியான பருப்புச் சூப். இடையில் பசித்தால் பழம், பாதாம், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

அந்தப் பருப்புச் சூப்பைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் இந்த உபவாசத்தின் முதுகெலும்பு அதுதான். வெங்காயத்தை எண்ணெயில்லாமல், அடி கனமான பாத்திரத்தில் சிறிது உப்பிட்டு மூடி வைத்தால் தன் நீரிலேயே வதங்கும். அடியில் லேசாகப் பழுப்பு ஏறும்போது ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கிளற வேண்டும். அந்தப் பழுப்பில்தான் சுவை இருக்கிறது. பூண்டும் இஞ்சியும் கேரட்டும் சேர்த்து, பருப்பைப் போட்டு, அது உருக்குலையும்வரை வேகவிட்டு, வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்த சீரகத்தையும் மிளகையும் இறக்கும்போது தூவி, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் இல்லாத சமையலில் சுவைக்கு மீதமிருக்கும் வழிகள் புளிப்பும் வறுத்த வாசனையும் உப்பின் அளவும்தான். எலுமிச்சையை மறந்துவிட்டால் அதே சூப் நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சியாகிவிடுகிறது. பருப்பில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்கும் எலுமிச்சையின் வைட்டமின் சி உதவுகிறது.

பயறு வகைகளில் ஓர் எச்சரிக்கை. ராஜ்மாவைச் சரியாக வேகவைக்காமல் உண்டால், அதில் இயற்கையாக உள்ள லெக்டின் என்னும் புரதத்தால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டே வேகவைக்க வேண்டும். குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் அதை நேரடியாகப் போடுவது ஆபத்தானது; அந்தச் சூடு அந்தப் புரதத்தை அழிக்கப் போதாது. உபவாச உணவுக் கையேடுகள் பலவற்றில் ராஜ்மா சமையல் குறிப்பு இருக்கிறது. இந்த எச்சரிக்கை இருப்பதில்லை.

உடலில் நேர்வதை வரிசையாகச் சொன்னால், முதலில் வருவது தலைவலி. அதற்குக் காரணம் உணவு மாற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். நாள்தோறும் காபியோ தேநீரோ அருந்தியவர்களுக்குக் காஃபின் நின்றதே முதன்மையான காரணம். சோர்வை உணர்த்தும் அடினோசின் என்னும் வேதிப்பொருள் மூளையில் சென்று அமரும் இடங்களைக் காஃபின் அடைத்துக்கொள்கிறது. அது திடீரென்று விலகும்போது அடினோசின் முழு வலுவோடு செயல்பட்டு, இரத்தக் குழாய்கள் விரிந்து, நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கின்றன. கடைசிக் குவளைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் இந்த வலி, ஓரிரு நாளில் உச்சத்தை எட்டி, 2 முதல் 9 நாள்வரை நீடிக்கக்கூடும். எனக்கு அது குனிந்து ஜெபிக்க முடியாத அளவுக்கு இருந்தது. முழங்காலில் நிற்பதை விட்டு நாற்காலியில் சாய்ந்துதான் ஜெபித்தேன். இதைச் சகிப்பதை ஆவிக்குரிய போராட்டம் என்று வர்ணிப்பதைவிட, தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காபியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வது அறிவுடைமை. உபவாசத்தின் முதல் நாள்கள் வேதனையில் கழிவதால் தேவனுக்கு மகிமை எதுவும் கூடுவதில்லை.

அடுத்து வயிறு. பயறுகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கப்படும்போது வாயு உண்டாகிறது. நார்ச்சத்தைத் திடீரென்று இருமடங்காக்கினால் உப்பசமும் இரைச்சலும் வராமல் இருக்காது. பயறை நீண்ட நேரம் ஊறவைத்து நீரைக் கொட்டுவதும், முதல் சில நாள்களுக்குத் தோல் நீக்கிய பருப்பையே மிகுதியாகப் பயன்படுத்துவதும், தண்ணீரைக் கூடுதலாகக் குடிப்பதும் இதைப் பெரிதும் குறைக்கின்றன. தண்ணீர் குறைந்தால் இதே நார்ச்சத்து மலச்சிக்கலையும் உண்டாக்கும். ஒரு வாரத்துக்குப் பின் குடல் பழகிக்கொள்கிறது. அதன்பின் செரிமானத்தில் வரும் ஒழுங்கு இந்த உபவாசத்தின் மறுக்க முடியாத நன்மைகளுள் ஒன்று.

மூன்றாவதாக நான் கண்டது நாவில் ஏற்படும் மாற்றம். உண்மையில் என்னை வியக்கவைத்ததும் இதுதான். இரண்டாம் வாரத்தில் வெறும் கேரட் தித்தித்தது. வேகவைத்த பட்டாணியில் இனிப்பு இருப்பதும், பாதாமை மெல்ல மெல்ல வெண்மையான ஒரு சுவை ஊறி வருவதும் அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரையும் மிகையான உப்பும் நீங்கியவுடன் நாவு தன் கூர்மையை மீட்டுக்கொள்கிறது. பிற்பகலில் உண்ட மயக்கம் குறைந்தது, உறக்கம் ஆழமானது. இதில் காஃபின் நின்றதற்கு எவ்வளவு பங்கு, உணவுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

எடை குறையும். ஆனால் முதல் வாரத்தில் குறைவதில் கணிசமான பகுதி நீர்தான் என்பதை அறிந்திருப்பது நல்லது. கல்லீரலிலும் தசையிலும் உடல் சேமித்துவைக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் வைத்திருக்கிறது. உண்ணும் ஆற்றல் குறையும்போது இரண்டும் சேர்ந்து வெளியேறுகின்றன. பழைய உணவுக்குத் திரும்பியவுடன் அந்த நீரும் திரும்பிவிடும்.

இரத்தத்தில் நேரும் மாற்றங்களைப் பற்றி ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் புளூமரும் அவருடைய குழுவினரும் 13 ஆண்கள், 30 பெண்கள் என 43 பேரை 21 நாள் தானியேல் உபவாசத்தில் ஈடுபடுத்தி, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் விரும்பிய அளவு உண்ணலாம். ஆனால் விதிகளுக்கு உட்பட்டே உண்ண வேண்டும். இரத்தத்தின் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், மொத்தக் கொலஸ்டிரால் சராசரியாக 171-இலிருந்து 139-க்கும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 98-இலிருந்து 76-க்கும் இறங்கின. இரத்த அழுத்தமும் குறைந்தது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லும் உடன் குறைந்ததை அவர்கள் மறைக்கவில்லை. ஓட்ஸ், பார்லி, பருப்பு ஆகியவற்றின் கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேற்றுவதால், புதிய பித்த அமிலம் செய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது. விலங்குக் கொழுப்பும் உணவில் இல்லை. ஆகவே இந்த வீழ்ச்சியில் வியப்பில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உபவாசிக்காத குழு ஒன்று அந்த ஆய்வில் இல்லை. கால அளவும் 21 நாள்தான். இதைக் கொண்டு நோய் தீரும் என்று மேடையில் சொல்வது மிகை. என் சபை வட்டத்தில் சாட்சியாகச் சொல்லப்படும் சில சுகமளிப்புகளைக் கேட்கும்போது, அவர்கள் மருந்தை நிறுத்திவிடக் கூடாதே என்ற கவலையே எனக்கு முதலில் எழுகிறது.

அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. இன்சுலினோ, இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள், மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் மாற்றினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். சிறுநீரக நோயுள்ளவர்களுக்குப் பயறு, கொட்டை, பழம் ஆகியவற்றின் பொட்டாசியம் சுமையாகும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். இவர்கள் மருத்துவரைக் கண்டு பேசிய பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், வளரும் பிள்ளைகளும், உணவைக் கண்டு அஞ்சும் மனநோயிலிருந்து மீண்டுவருபவர்களும் இதை விட்டுவிடுவதே நல்லது. அவர்கள் உணவல்லாத வேறொன்றைத் தேவனுக்கென்று விலக்கி வைக்கலாம். உடல்நலமுள்ளவர் வைட்டமின் பி12 பற்றி இந்த 21 நாளுக்காக அஞ்ச வேண்டியதில்லை. கல்லீரலில் உள்ள இருப்பு பொதுவாக ஆண்டுக்கணக்கில் போதுமானது. இதையே வாழ்நாள் உணவாகத் தொடர நினைத்தால் மட்டும் அதற்கு வழி செய்துகொள்ள வேண்டும்.

இனி ஜெபத்தைப் பற்றி. எந்தக் கையேடும் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு குறையை இங்கே சொல்ல வேண்டும்: இந்த உபவாசம் அடுப்படியில் நேரத்தைத் தின்கிறது. முழு உபவாசத்தில் சமையல் நேரம் அப்படியே ஜெபத்துக்குக் கிடைத்துவிடும். இதிலோ ஊறவைக்கவும் நறுக்கவும் வேகவைக்கவும் வழக்கத்தைவிட அதிக நேரம் போகிறது. வேளைக்கு ஒரு புதிய பதார்த்தம் என்று முயல்பவர்கள், அதிலும் குடும்பத்தாருக்குத் தனியாகச் சமைக்க வேண்டியிருக்கும் தாய்மார்கள், நாள் முடிவில் களைத்துப்போய் ஜெபிக்காமலே படுத்துவிடுகிறார்கள். இதற்குத் தீர்வு ஒன்றுதான்: வாரத்துக்கு இரண்டு முறை பெரிய பாத்திரத்தில் பருப்பும் தானியமும் சமைத்து வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்ப உண்பது. அலுத்துப்போகாதா என்று கேட்கலாம். அலுக்கும். அந்த அலுப்பு வேண்டும். அடுத்த வேளைக்கு என்ன என்ற எதிர்பார்ப்பு அடங்கிப்போகும்போது, ஒரு நாளில் எத்தனை முறை நம் எண்ணம் உணவைச் சுற்றியே போய்வந்தது என்பது தெரியவரும். அப்படிக் காலியான இடத்தில்தான் எனக்கு நீண்ட ஜெபம் கைகூடியது. வயிறு நிறைந்திருந்தும் மனம் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும் அந்த இரவு நேரத்தைச் சங்கீதங்களோடு கழித்தவர்களுக்கு, இந்த உபவாசம் என்ன தருகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் மாற்றுப் பண்டங்களைப் பற்றி நான் கடுமையாகவே பேசுகிறேன். பேரீச்சையையும் கொக்கோவையும் அரைத்துச் செய்த இனிப்பு உருண்டை, உறையவைத்த வாழைப்பழத்தில் ஐஸ்கிரீம், பூக்கோசை மாவாக்கிப் பீட்சா, முந்திரியை ஊறவைத்துச் சீஸ் என்று பட்டியல் நீள்கிறது. விதிப்படி இவற்றில் பெரும்பாலானவை குற்றமற்றவை; சுவையிலும் குறைவில்லை. ஆனால் ருசிகரமான அப்பத்தை நான் புசிக்கவில்லை என்று சொன்னவரின் பெயரில், ருசிகரமானவற்றுக்கெல்லாம் நகல் செய்து உண்பது எப்படிப் பொருந்தும்? விலக்கிய ஒன்றின் வெற்றிடத்தை வெற்றிடமாகவே சுமந்து தேவ சமுகத்தில் நிற்பதுதான் உபவாசம் என்றால், இந்த நகல்கள் அந்த வெற்றிடத்தை ஒரு மணி நேரம்கூட விட்டுவைப்பதில்லை. முதல் முறை மேற்கொள்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் இப்படி ஏதாவது ஒன்று ஆறுதலாக இருக்கும் என்பதை ஏற்கிறேன்; அதற்கு மேல் வேண்டாம்.

பிறருடன் பழகுவதில் வரும் சிக்கல் சிறியதுதான். உபவாசிக்கும்போது முகத்தை வாடவைத்துக் காட்டிக்கொள்ளாதே என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு சொன்னது இங்கே நடைமுறைக்கும் உதவுகிறது: விருந்துக்கு அழைத்தவரிடம் நீண்ட விளக்கம் தராமல், பழமும் காய்கறியும் மட்டும் எடுத்துக்கொண்டு உடன் அமர்ந்து பேசினால், பெரும்பாலோர் கவனிப்பதுகூட இல்லை. இறைச்சியையும் பால்பொருளையும் வெளியில் உண்பதையும் நிறுத்தியதால் மிஞ்சும் பணத்தைத் தனியாக எடுத்துவைத்து, பசித்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவதும் ஏசாயா 58-ஆம் அதிகாரம் கேட்கும் உபவாசத்தோடு இதை இணைக்கிறது. கையேடுகள் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

முடிக்கும் விதமும் முக்கியமானது. கடைசி நாள் முடிந்த மறுநாளே வறுத்த இறைச்சியும் பாலாடையும் இனிப்பும் சேர்ந்த விருந்தில் அமர்பவர்கள் அன்றிரவே வயிற்று வேதனையை அனுபவிக்கிறார்கள். கொழுப்பு குறைந்த உணவுக்குப் பழகிய வயிறு அவ்வளவையும் ஒரே வேளையில் ஏற்காது. முதலில் முட்டையோ தயிரோ சிறிதளவு, ஓரிரு நாள் கழித்து மீன், அதன்பின் இறைச்சி என்று திரும்புவது நல்லது. காபியை மீண்டும் தொடங்க வேண்டுமா என்பதை அந்த வாரத்தில் முடிவு செய்துகொள்ளலாம்; உடல் அதை ஏற்கெனவே மறந்துவிட்ட வேளை அது. எனக்கு, காலை ஓட்ஸும் இரவுப் பருப்புச் சூப்பும் உபவாசம் முடிந்த பிறகும் நிலைத்துவிட்டன. அடுத்த முறை தொடங்கும்போது காபியை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, சமையல் குறிப்புப் புத்தகம் எதையும் வாங்காமல், மூன்றே வகை உணவை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு தொடங்குவேன். முதல் முறை செய்ய விரும்பும் நண்பர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.